அம்மா வழிக் கரண்ட்

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானாவது டைரியாவது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். இரண்டாவது தடவை அறிவியலில் பாஸ் ஆனபோது வாத்தியாரே நம்பாமல் நம்பரைச் சரிபார்த்தார். எங்கள் துணிக்கடைக்கு லைனிங் துணிக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் என் மனைவி ஈஸ்வரி கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருஷ டைரியில் ஜூலை வரைக்கும் கோலம். அதற்குப் பிறகு நான்.

“பையனுக்குத் தினமும் கண் எப்படி இருக்குன்னு எழுதிட்டு வாங்க. அவன் சொல்றத விட, வீட்டுல நீங்க பாக்குறதுதான் எங்களுக்கு வேணும்” என்றார் மதுரை கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

விஷயம் வெங்காயத்தில் ஆரம்பித்தது. என் மகன் யோகேஷ் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் குரூப். போன வாரம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். செல் தெரியுமாம். செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாக இருக்குமாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொட்டு, அதுதான் உட்கரு. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். இவன் மட்டும், “ஒண்ணும் தெரியல சார், நடுவுல பொகையா இருக்கு” என்றிருக்கிறான்.

“வெங்காயத்த உரிச்சா கண்ணுல தண்ணிதான்டா வரும், பொகையுமா வரும்?” என்று சார் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. இவனும் சிரித்துக்கொண்டே வலது கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான். எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மறுபடி இடது கண்ணை வைத்தால் புகை.

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, இடது கண்ணில் நடுப்பார்வை இல்லை என்று. வலி இல்லை, சிவப்பு இல்லை, அடிபடவில்லை. நல்லா இருந்த பிள்ளை! நேற்று வரைக்கும் நான் டிவிக்கு முன்னால் நின்றால் “மறைக்காதீங்கப்பா” என்று கத்திக்கொண்டிருந்தவன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் “சொந்தத்தில் திருமணமா?” என்று ஒரு கேள்வி. நர்ஸ் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். ஈஸ்வரி என் அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள், பின்னாலும் மாமாதான். முன்னால் கொஞ்சம் மரியாதை இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

இடது கண் அப்படியே. தலையை ஸ்கேன் எடுத்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தேன்.

செப்டம்பர் 27, சனி

பையனுக்கு மாற்றமில்லை. பள்ளிக்கூடம் போனான்.

தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டது. என் வேலையைப் பற்றி டாக்டரம்மாவுக்குத் தேவையில்லை என்றாலும், பக்கம் காலியாக இருக்கிறதே. அருப்புக்கோட்டை பஜாரில் மேட்சிங் சென்டரில் இருக்கிறேன். சேலையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தால், அதற்கு ஏற்ற ஜாக்கெட் துணியை அலமாரியிலிருந்து உருவிப் போட வேண்டும். அரக்கு வேறு, மெரூன் வேறு, மிளகாய்ப்பழம் வேறு, செங்கல் வேறு. சேலையோடு ஆள் தெருமுனையில் வரும்போதே நான் துணியை எடுத்து வைத்துவிடுவேன் என்று முதலாளி அண்ணாச்சி வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவார். பாதி பொய். ஆனால் சிவப்பில் என்னை ஏமாற்ற முடியாது என்பது நிஜம்.

இன்று ஓர் அம்மா திரும்ப வந்து, “நான் குடுத்தது அரக்குச் சேலை. நீங்க வெட்டிக் குடுத்தது காப்பிக்கொட்டைக் கலரு. எங்க கண்ண வச்சிருந்தீங்க?” என்றார். சனங்களுக்கு இப்போதெல்லாம் பொறுமை இல்லை. கடையில் ஒரு டியூப்லைட்டும் விட்டு விட்டு எரிகிறது. அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் யோகேஷ் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். “என்னடா, அம்புட்டு முக்கியமான சேதியா?” என்றேன்.

“வலது கண்ணுலயும் பொக வந்துருச்சுப்பா.”

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. கீழே போடவில்லை. அது மட்டும்தான் நான் செய்த ஒரே நல்ல காரியம். ஈஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவன் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி, “இது எத்தனை? சொல்றா, இது எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் விரலை மாற்றவும் இல்லை.

அக்டோபர் 4, சனி

மதுரை. வலது கண்ணிலும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார். கண்ணில் கோளாறு இல்லையாம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில்தானாம். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

“செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. அதுல கோளாறோன்னு சந்தேகம். வீட்டுல யாரும் பீடி, சிகரெட் குடிக்கிறீங்களா?”

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா ஈஸ்வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். யோகேஷ் யாரையும் பார்க்காமலே, “அப்பா குடிப்பாரு” என்றான்.

பீடியை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். விட்டது கஷ்டமாக இல்லை. டவுசர் போட்ட காலத்திலிருந்து பழக்கம். அதுவும் என்னை விட்டுவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

பையனால் புத்தகம் வாசிக்க முடியவில்லை. நடுவில் விழுந்த எழுத்து தெரியாமல் போகிறதாம். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். “நீங்களா?” என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் என் பத்தாம் வகுப்பு இரண்டு வருஷமும் அடங்கிவிட்டது.

செல் பாடம். அடேயப்பா! ஒரு வெங்காயத் தோலுக்குள் இத்தனை பேர் வேலை பார்க்கிறார்களா? சுற்றிலும் சவ்வு. எதை உள்ளே விட வேண்டும், எதை வெளியே தள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும். எங்கள் கடை வாட்ச்மேனுக்குக் கூட அது தெரியாது. நடுவில் உட்கரு. எல்லா டிசைனும் அதனிடம்தான் இருக்கிறது. அண்ணாச்சி மாதிரி இடத்தை விட்டு நகர்வதில்லை. ரைபோசோம் என்று தையல்காரர்கள் ராத்திரி பகலாகப் புரதம் தைக்கிறார்கள். கோல்கை என்று ஒருவர் தைத்ததைக் கட்டிப் பார்சல் போடுகிறார். லைசோசோம் கழிவுத் துணியைக் கரைத்துவிடுகிறது.

“மைட்டோகாண்ட்ரியா என்னப்பா போட்டிருக்கு?”

“இருடா, வாரேன்.” அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். இவ்வளவு நீளமான வார்த்தையை இவ்வளவு பொடி எழுத்தில் அடித்தால் எப்படி? நடுவெழுத்தெல்லாம் அழிந்து கிடக்கிறது. மட்டமான அச்சு. “செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்குதாம். ஜெனரேட்டர்னு வச்சுக்கோயேன். நம்ம கடைக்குப் பின்னாடி இருக்குல்ல, அது மாதிரி.”

“ஜெனரேட்டர் நின்னுட்டா?”

“வெளக்குத்தான அணையும்” என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது!

அவன் அழவில்லை. “அப்ப என்னோடது ஜெனரேட்டர் ரிப்பேரு” என்று படுத்துக்கொண்டான்.

அக்டோபர் 12, ஞாயிறு

பையன்: வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சோற்றைப் பிசையும்போது தடவிப் பார்க்கிறான். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான்.

கடையில் நிற்க இடமில்லை. என் பக்கத்தில் நிற்கும் தெய்வானை இன்று மூன்று தடவை நான் உருவிய துணியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துப் போட்டாள்.

“அண்ணே, தக்காளிச் செகப்புக் கேட்டா பாசிப்பச்சையத் தூக்கிப் போடுறீங்க. வீட்டு நெனப்பாவே இருக்கீங்கல்ல?”

“ஆமாம்மா” என்றேன். அவள் சொன்ன பிறகு உற்றுப் பார்த்தேன். பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கும்போது அப்பனுக்குச் சிவப்பாவது பச்சையாவது. டியூப்லைட்டை மாற்றிவிட்டார்கள். புதுசும் மட்டமான லைட்டுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பையன் வெடி வேண்டாம் என்றுவிட்டான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் விட்ட வாணத்தை வாசலில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். “செகப்பா விரியுதாப்பா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை. முயற்சி பண்ணுகிறேன்.

ரத்த முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்தார்.

“சந்தேகப்பட்டதுதான். மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா கொஞ்சம் டி.என்.ஏ இருக்கு. அதுல ஒரே ஒரு இடத்துல மாறியிருக்கு. அதனால சக்தி சரியா உண்டாகல. பார்வை நரம்போட செல்லுக்குத்தான் ரொம்பச் சக்தி வேணும். அது தாங்க முடியாம மொதல்ல படுத்துருச்சு.”

“முழுசாப் போயிருமா டாக்டர்?” என்று யோகேஷ் கேட்டான். நாங்கள் கேட்கப் பயந்த கேள்வி.

“முழுசாப் போகாது. ஓரப் பார்வை இருக்கும். நடக்கலாம், போகலாம், படிக்கிறதுக்கும் வழி இருக்கு. மாத்திரை ஒண்ணு தாரேன். சீக்கிரமா ஆரம்பிச்சா சில பேருக்குக் கொஞ்சம் திரும்பி வருது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்.”

ஈஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “நாங்க சொந்தத்துல கட்டுனதாலயா டாக்டர்?” என்றாள். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க டெல்லிக்காரரக் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கலாம். ஏன்னா மைட்டோகாண்ட்ரியா அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றதே இல்ல. அம்மாவோட கருமுட்டையில இருந்து மட்டும்தான் வரும்.”

பதினாறு வருஷமாகப் பையனில் பாதி நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். “அப்ப நான் எதுக்கு டாக்டர்?” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“உட்கருவுல பாதி நீங்க குடுத்ததுதான் சார். மூக்கு, முழி, வாய் எல்லாம். கரண்ட் மட்டும் நீங்க குடுக்கல.”

யோகேஷ் சிரித்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தபடி ஈஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

“அப்ப நான்தான் குடுத்தனா?” என்றாள்.

“தெரிஞ்சா குடுத்தீங்க? உங்க அம்மா உங்களுக்குக் குடுத்தாங்க. பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் வெளிய வரும். அதுலயும் எல்லாருக்கும் வராது.” டாக்டரம்மா எங்கள் சீட்டைப் புரட்டினார். “சொந்தம்னு எழுதியிருக்கு. என்ன சொந்தம்?”

“எங்க அக்கா மக” என்றேன்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தை எடுத்து வட்டமும் கட்டமும் போட்டார். பெண் வட்டம், ஆண் கட்டம். மேலே என் அம்மா. அதற்குக் கீழே அக்கா, பக்கத்தில் நான். அக்காவுக்குக் கீழே ஈஸ்வரி. ஈஸ்வரிக்குக் கீழே யோகேஷ். யோகேஷிலிருந்து தொடங்கி மேலே போய் ஒவ்வொன்றாகப் பேனாவால் அடைத்துக் கறுப்பாக்கினார். யோகேஷ், ஈஸ்வரி, அக்கா, அம்மா. அப்புறம் பேனா மறுபடி கீழே இறங்கி என் கட்டத்துக்கு வந்தது. அதையும் கறுப்பாக்கியது.

“நீங்களும் அதே அம்மா பிள்ளைதான சார்?”

பையனுக்கு நான் கொடுக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் வாங்கியவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன்! அவனுக்கு நான் அப்பா மட்டுமா, அவன் பாட்டிக்குத் தம்பியும்தானே. கல்யாணப் பத்திரிகையில் பார்த்தபோது இந்தச் சொந்தம் நேர்க்கோடாகத்தான் தெரிந்தது. இப்போது கறுப்பாகத் தெரிகிறது.

“உங்க அம்மாகூடப் பிறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்கா?”

“எங்க வேலாயுத மாமாவுக்குப் போச்சு டாக்டர். ஆனா அது குடியில போனது. மரத்துக்குப் பாலீஷ் போடுற வேல. பாலீஷ்ல கலக்குற ஸ்பிரிட்டக் குடிச்சிட்டாரு.”

“குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

“ஊரே சொல்லும் டாக்டர்.”

“எத்தன வயசுல?”

“இருபத்தஞ்சு, இருபத்தாறு.”

“ரெண்டு கண்ணும், ஒண்ணு பின்னால ஒண்ணா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டரம்மா அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அதையும் கறுப்பாக்கினார்.

“உங்களுக்குப் பார்வை எப்படி இருக்கு சார்? கலரெல்லாம் சரியாத் தெரியுதா?”

“டாக்டர், எம் பொழப்பே கலர்தான்” என்றேன்.

பொய் சொல்லவில்லை. என் பிழைப்பு கலர்தானே.

ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 29, புதன்

பையன்: மாத்திரை தொடங்கியாகிவிட்டது. சாப்பிட்டால் வயிறு எரிகிறது என்கிறான்.

ஈஸ்வரி பேசுவதில்லை. வேலை எல்லாம் நடக்கிறது. சத்தம் இல்லாமல் நடக்கிறது. அக்கா சீனியம்மாள் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது தெரியாமல், “ஏண்டி, நான் ஒன்னப் பெத்ததே தப்புங்குறாளா அந்த டாக்டரு?” என்று கத்தினாள்.

“நான் அவனப் பெத்தது தப்பும்மா” என்று ஈஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

நான் இடையில் புகுந்து, “குடுத்தது கரண்டுதான, கடன் இல்லையே” என்றேன். இதுவரை நான் சொன்ன ஜோக்கிலேயே மட்டமானது இதுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வட்டலில் சோற்றைப் போட்டு எனக்கும் பையனுக்கும் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

வேலாயுத மாமாவைப் பார்க்கப் பந்தல்குடி போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறார். எங்கள் அம்மா, கூடப் பிறந்த தம்பி என்றும் பார்க்காமல், கடைசிவரைக்கும் அவருக்கு வீட்டுக்குள் சோறு போட்டதில்லை. குடிகாரன் என்று வாசலில்தான் இலை விழும்.

“மாமா, நீங்க குடிக்கல.”

“அத நான் நாப்பது வருஷமாச் சொல்லிட்டுத்தானடா இருக்கேன்.”

“இப்ப டாக்டரே சொல்றாங்க மாமா. ரத்தத்துல இருக்காம். நம்ம யோகேஷுக்கும் வந்துருக்கு.”

அவர் முகத்தை எனக்கு நேராகத் திருப்பாமல் வேறெங்கோ வைத்துக்கொண்டார். “பிள்ளைக்கா?” என்றார். “அடப் பாவமே.” அப்புறம், “டாக்டர் ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பள.”

“நல்லா இருக்கட்டும். எழுதிக் குடுப்பாங்களா?”

“எதை மாமா?”

“நான் குடிக்கலன்னு.”

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் அம்மாவிடமிருந்து, அதே அம்மா என் அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறாள் என்று விளக்கினேன்.

“ஆக எங்காத்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் பங்கு வச்சிருக்கா. எங்கக்காவுக்குப் புள்ளகுட்டி, எனக்குக் குடிகாரப் பட்டம்.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வழக்கமாக எங்கள் வீட்டில் சிரிக்கிறவன் நான்தான்.

“மொதல்ல செகப்புதான்டா போச்சு” என்று அவராகவே சொன்னார். “தேக்குக் கட்டிலுக்குச் செகப்புப் பாலீஷ் ஏத்துறேன், எனக்குச் சாம்பலாத் தெரியுது. மரத்துலதான் கோளாறுன்னு நெனச்சேன். அடுத்து வெளிச்சத்துமேல பழி போட்டேன். கடைசீலதான் எம்மேல வந்துச்சு. ஒனக்கு எப்படிடா இருக்கு?”

“எனக்கென்ன மாமா, கல்லு மாதிரி இருக்கேன்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு அந்த ரோட்டில். இருந்தாலும் ஓடினேன்.

நவம்பர் 6, வியாழன்

பையன்: மாற்றமில்லை.

முகூர்த்த சீசன். கல்யாணப் பொண்ணு வீட்டார் பட்டுச் சேலையோடு வந்தார்கள். மிளகாய்ப்பழச் சிவப்பு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சிவப்பு அலமாரியில் மேலிருந்து மூன்றாவது தட்டு. கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். எடுத்து, அளந்து, வெட்டிவிட்டேன். பொண்ணின் சித்தி, “ஐயையோ!” என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது.

தீபாவளிக்குப் பிறகு தட்டுகளை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வெட்டியது பாட்டில் பச்சை.

அண்ணாச்சி திட்டவில்லை. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுத் தெய்வானையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். “குருசாமி, கொஞ்ச நாளைக்கு லைனிங் பக்கம் இரு. அங்க வெள்ளையும் கறுப்பும்தான்” என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

தெய்வானை போகும்போது, “ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்கண்ணே” என்றாள். பார்க்க வேண்டும்.

இந்தப் பேனா சரியாக எழுதுவதில்லை. துணியில் நம்பர் போடும் தடிப் பேனாவில் எழுதுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று பையன் தானாக எழுந்து குளித்துவிட்டு, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறேன் என்றான். பக்கத்துப் பெஞ்சுக்காரன் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறானாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கறி எடுத்து வந்தேன். ஈஸ்வரியை உட்காரச் சொல்லிவிட்டு நானே பரிமாறினேன்.

“அப்பா, ஒரு டெக்னிக் கண்டுபிடிச்சிருக்கேன்” என்றான் யோகேஷ். “ஒரு பொருளப் பாக்கணும்னா அதப் பாக்கக் கூடாது. அதுக்குப் பக்கத்துல பாக்கணும். அப்ப ஓரத்துல அது வந்து நிக்கும். இப்ப அம்மா மூஞ்சியப் பாக்கணும்னா ஜன்னலப் பாக்கேன். நல்லாத் தெரியுது.”

“கெட்டிக்காரன்டா” என்றேன். வட்டலில் குழம்பை ஊற்றினேன்.

அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கதவுப் பக்கம் திருப்பினான். நான் அடுத்த கரண்டியை எடுத்தேன்.

“அப்பா.”

“என்னடா?”

“வட்டல்ல ஊத்துறீங்க. ஆனா தண்ணிச் சொம்பப் பாக்குறீங்க.”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“தெரியாமச் சொல்றான்” என்றேன். “எம் பார்வைக்கு என்னடா?”

“எங்கிட்டப் பேசும்போதும் என் காதுக்கு வெளியதான் பாக்குறீங்க. ரெண்டு வாரமாப் பாக்கேன். எனக்கு ஓரத்துல நல்லாத் தெரியும்பா.”

பிள்ளைக்குப் பார்வை போய்விட்டது என்று டாக்டர் சீட்டெழுதி, மாத்திரை கொடுத்து, ஒரு மாசமாக அவன் கையைப் பிடித்து நான் நடத்திக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தது அவன்! முழுக்கண் வைத்திருக்கிற கடை பூராவும், தெருப் பூராவும் பார்க்காததை மிச்சமிருக்கிற ஓரத்தை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டான்.

ஈஸ்வரி என் முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சாம்பல்தான் தெரிந்தது. இதை எழுத மனசு வரவில்லை. ஆனால் அதுதான் தெரிந்தது.

“இங்க பாருங்க மாமா. நேராப் பாருங்க. நான் என்ன கலர்ச் சேல கட்டியிருக்கேன்?”

நான் எடுத்துக் கொடுத்த சேலைதான். எந்தச் சேலை என்று ஞாபகத்தில் தேடினேன். “மாம்பழம்” என்றேன்.

“செகப்பு மாமா.”

அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

“எப்ப இருந்து?”

“தீபாவளிக்கு முன்னாடி இருந்தே கொஞ்சம் கொஞ்சமா இருக்கும்.”

“அந்த டாக்டர் ஒங்கள நேராக் கேட்டாங்களே.”

“பொழப்பு கலர்தான்னு சொன்னேன்.”

“அது கேட்ட கேள்விக்குப் பதிலா?” என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் அடி. இன்னொன்றும் வைத்தாள். “மாத்திரையச் சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு சொன்னாங்களா இல்லையா? அந்தக் கடையில போயி நாள் பூரா நின்னுட்டு, இருட்டுல ரோட்டத் தாண்டி வந்துட்டு...” மூச்சு வாங்க நின்றாள்.

“ஒனக்கு இன்னும் ஒரு பாரம் வேணாம்னுதான் ஈஸு. வீட்டுல ஒரு ஆளு கண்ணே போதும்னு...”

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரொம்ப மெல்ல, குழந்தை மாதிரிக் கேட்டாள்:

“மாமா, இது நான் குடுத்தது இல்லல்ல?”

இரண்டு வாரமாக அவள் கொல்லையில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இந்த மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது.

“இல்லத்தா. இது எங்கம்மா குடுத்தது. எனக்கும் அவுகதான், எங்கக்காவுக்கும் அவுகதான். அவுகளுக்கு அவுக ஆத்தா. நீ நடுவுல நின்ன ஆளு, அம்புட்டுத்தான். அவுகளும் வேணும்னா குடுத்தாக?”

“தாத்தாவுக்கும் அதான?” என்றான் யோகேஷ், வேலாயுத மாமாவை நினைத்து.

“அவருக்கும் அதான்டா.”

ஈஸ்வரி தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். ஓரத்தில் அவள் வந்து நின்றாள். ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி எனக்குக் குழம்பு ஊற்றினாள், அவனுக்கு ஊற்றினாள், தனக்கும் ஒரு வட்டல் எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள்.

“நாளைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். காலைல மொத பஸ்ஸு. மதுரைக்கு” என்றாள். “நீங்க ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நான் நடுவுல ஒக்காந்துக்கிறேன்.”